ரஸ்க் கம்பெனிக்கு ஒரு வக்கீல்

ஏன் வக்கீல் தொழிலை விடுகிறீர்கள் என்று கேட்கப் போகிறார்கள். கேட்காமல் எப்படி இருப்பார்கள். நாற்பது தாண்டிய ஒருத்தி கறுப்புக் கோட்டைக் கழற்றி பீரோவில் மாட்டிவிட்டு ரஸ்க் கம்பெனியில் வந்து எச்.ஆர். வேலை கேட்டால் எவரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள், நானே கேட்பேன், குறுக்கு விசாரணையில் என் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும், இத்தனை வருஷம் செய்த தொழிலை விட்டுவிட்டு வருகிறீர்களே, அப்படி என்ன நடந்தது அம்மா. ஒன்றும் நடக்கவில்லை. இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது. மகள் பிளஸ் டூ வருகிறாள், குடும்பத்துக்கு நேரம் கொடுக்க முடியவில்லை, ஒழுங்கான நேரம் உள்ள வேலை வேண்டும், மனிதர்களோடு பழகுவது எனக்குப் பிடிக்கும். பூதலிங்கம் சொல்லிக் கொடுத்த பதில் இது. என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுக்கிறவர், எந்தக் கேள்விக்கும் நாலு வரியில் விடை உண்டு என்று நம்புகிறவர். காலையில் தோசைக்கல் பக்கத்தில் நின்றுகொண்டு என்னை ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். அவர் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, சிரிச்ச முகமா சொல்லு உலகு, சாட்சி சொல்லுத மாதிரி சொல்லாத என்றார், உலகு என்றுதான் என்னைக் கூப்பிடுவார். சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். இங்கே உட்கார்ந்ததிலிருந்து முகத்தை அப்படி வைத்துப் பார்க்கிறேன், தாடைதான் வலிக்கிறது. எதிரே கண்ணாடி அலமாரியில் ரஸ்க் பாக்கெட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஏலக்காய் ரஸ்க், பால் ரஸ்க், சர்க்கரை இல்லாத ரஸ்க். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு இருக்க வேண்டும், சுட்ட மாவும் சீனியும் வெண்ணெயும் சேர்ந்த வாசனை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டே இருக்கிறது, வந்த புதிதில் நன்றாக இருந்தது, இப்போது நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பரவாயில்லை, பழகிவிடும். இங்கே ஒரு தப்பு நடந்தால் என்ன ஆகும், ஒரு தட்டு ரஸ்க் கருகிப்போகும். கருகினதைக் கொட்டிவிட்டு அடுத்த தட்டை உள்ளே தள்ளுவார்கள். அவ்வளவுதான். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் ஒரு சின்னப் பெண், எம்.பி.ஏ. முடித்தவளாம், நீங்களும் இன்டர்வியூவுக்கா மேடம் என்று கேட்டாள், தலையாட்டினேன், முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க என்றாள். கோர்ட்டில் என்றேன். ஸ்டெனோவா மேடம். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த ஆமாம், உண்மையைச் சொல்லவேண்டி வருகிறபோதுதான் என் வாய் ஒட்டிக்கொள்கிறது. அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள், அவளுக்கே கிடைக்கட்டும், இல்லை, அவளுக்குக் கிடைக்கக் கூடாது, அவளுக்கு எத்தனையோ கம்பெனி இருக்கும், எனக்கு இதுதான் இருக்கிறது, இது இல்லையென்றால் திங்கட்கிழமை நான் அங்கேதான் போயாக வேண்டும். அந்தப் படிக்கட்டில் ஏற வேண்டும். வேப்ப மரத்தடியில் பேச்சித்தாய் நின்றுகொண்டிருப்பாள். வக்கீலம்மா, நம்ம கேஸ் இன்னைக்குத்தானே. ஆமாம்மா, இன்றைக்குத்தான்.

பேச்சித்தாய் முதல் தடவை என் ஆபீசுக்கு வந்தபோது செருப்பை வாசலுக்கு வெளியே, மழையில் நனைகிற இடத்தில் விட்டுவிட்டு வந்தாள், உள்ளே விடுங்கம்மா என்றேன், இருக்கட்டும் என்று ஈரக்காலோடு நின்றாள். ஒரே மகன், கொம்பையா, லாரி ஷெட்டில் வேலை. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில், நடுராத்திரி சாமப் படைப்புக்கு முன்னால் இரண்டு தெருக்காரர்களுக்கும் அடிதடி, மேளக்காரரை எந்தத் தெரு வழியாக அழைத்து வருவது என்பதில் ஆரம்பித்ததாம், எதிர்த் தெருப் பையன் ஒருத்தனுக்குத் தலையில் வெட்டு, அவன் பிழைத்துக்கொண்டான், கொம்பையாவைக் கொலை முயற்சியில் பிடித்துப் பாளையங்கோட்டை ஜெயிலில் போட்டுவிட்டார்கள். எம்புள்ள அருவாளத் தொடவே இல்லம்மா, பந்தல்ல கெடந்த கம்பத்தான் எடுத்தான் என்றாள். எல்லா அம்மாக்களும் அதைத்தான் சொல்வார்கள், ஆனால் இவள் சொன்னது உண்மை, சாட்சிகளின் வாக்குமூலத்திலேயே அது இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் ஜாமீன் கேட்டேன். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். வெளியே விட்டால் சாட்சிகளைக் கலைப்பான், தலைமறைவாகிவிடுவான், அப்புறம் கடைசியாக, எதிர்த் தரப்பு கோபத்தில் இருக்கிறது, வெளியே வந்தால் இவன் உயிருக்கே ஆபத்து. எல்லா ஜாமீன் மனுவிலும் சொல்கிறதுதான். மழைக்காலத்தில் கொசு இருக்கும் என்கிற மாதிரி சொல்வார், ஜட்ஜ் எழுதிக்கொள்ளக்கூட மாட்டார். நான் எழுந்தேன். உயிருக்கு ஆபத்து என்றால் காவல் கொடுக்க வேண்டியது அரசாங்கம், அதற்காக ஒரு மனிதனை உள்ளே பூட்டி வைக்கலாம் என்றால் இந்த ஜில்லாவில் பாதிப் பேரைப் பூட்டி வைக்க வேண்டியிருக்கும். கோர்ட்டில் சிரித்தார்கள். ஜட்ஜுக்கும் உதடு லேசாக அசைந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு ஏறிற்று, சந்தோஷம்தான், பேச்சு எடுபட்டுவிட்டது என்று தெரிகிற நிமிஷத்துச் சந்தோஷம், அதற்காகத்தானே இந்தத் தொழிலுக்கே வந்தேன். ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் உள்ளூர் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், வழக்கமான நிபந்தனை. பேச்சித்தாய் வராந்தாவில் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாதிப் பேரைப் பூட்டி வைக்க வேண்டியிருக்கும். சரியான வாக்கியம். இப்போதும் சரிதான். எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், அதில் ஒரு வார்த்தை பிசகு இல்லை.

காலையில் கையெழுத்துப் போடப் போனவனை எதிர்த் தெருக்காரர்கள் வழியில் வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் மறித்துவிட்டார்கள். தினமும் ஒரே வழி, ஒரே நேரம். கோர்ட்டே குறித்துக் கொடுத்த நேரம். எனக்கு டீக்கடையில் வைத்துச் செய்தி வந்தது, இன்னொரு வக்கீலின் குமாஸ்தா வந்து, அம்மா, உங்க பார்ட்டி அந்தக் கொடைக் கேசுப் பையன், முடிச்சுட்டாங்களாம் என்றார். முடிச்சுட்டாங்களாம். நான் டீயைக் குடித்து முடித்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை, கீழே வைத்திருக்கலாம், கையில் இருந்தது, குடித்தேன், சூடாக இறங்கினது இப்போதும் தெரிகிறது. பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசலில் பேச்சித்தாய் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள், அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்தாள். நீங்க வெளிய எடுத்துக் குடுத்ததாலதாம்மா கொஞ்ச நாளாவது எங்கையால சோறு தின்னான், இல்லைன்னா அதுகூட இருக்காதே என்றாள். அடித்திருக்கலாம். ஏன்டீ என் பிள்ளையை வெளியே கொண்டு வந்தே என்று என் முகத்தைப் பிறாண்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நான் இன்றைக்கும் வக்கீலாக இருந்திருப்பேன் என்று தோன்றுகிறது, தப்பு என்று ஒன்று இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு எழுந்திருக்கலாம், அடுத்த தடவை அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கலாம். நான் தேடாத இடம் இல்லை. மனுவில் தப்பில்லை, வாதத்தில் தப்பில்லை, தீர்ப்பில் தப்பில்லை, நிபந்தனையிலும் தப்பில்லை. நாளைக்கே இன்னொரு பேச்சித்தாய் வந்து நின்றால் இதையேதான் செய்ய வேண்டும், இதே வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டும், வேறு வழி கிடையாது. அதைத்தான் தாங்க முடியவில்லை. இதை யாரிடம் சொல்வது. பூதலிங்கத்திடம் சொன்னேன், நீயா வெட்டினே என்றார். இல்லை. அப்புறம் என்ன. அப்புறம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த முதல் ஜாமீன் மனு ஏதோ செம்புக் கம்பி திருட்டு, உயிர் போகிற விஷயமே இல்லை, எழுந்து மனுதாரர் என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் வரவில்லை. ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். ஃபேன் சத்தம் கேட்டது, கேஸ் கட்டு கட்டும் நூலை யாரோ பல்லால் கடிக்கிற சத்தம் கேட்டது, மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு தார் ரோடு போய்க்கொண்டிருந்தது. நிஜமாகவே பார்த்தேன், வெயில், ரோடு, வாய்க்கால், அதில் கையெழுத்துப் போடப் போகிற ஒரு முதுகு. பக்கத்தில் இருந்தவர் எழுந்து, மேடத்துக்கு உடம்புக்கு முடியவில்லை என்று வாய்தா வாங்கினார். தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். எங்கேயும் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கிறது. அப்புறமும் போனேன், ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது, வராத நாட்கள் அதிகமாயின. அதையும் சமாளித்திருப்பேனோ என்னவோ. போன வாரம் பேச்சித்தாய் வந்தாள். கொம்பையாவைக் கொன்ற கேசில் உள்ளே இருக்கிறவர்கள் ஜாமீன் கேட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை விசாரணை, கவர்மென்ட் வக்கீல் இருந்தாலும் செத்தவனின் அம்மா பக்கமும் ஒரு வக்கீல் நின்று எதிர்க்கலாம் என்று ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்கள். நீங்கதான் நிக்கணும்மா, நீங்க பேசுனா ஜட்ஜய்யா கேப்பாவ, நான் கண்ணால பாத்தேன்லா. கண்ணால் பார்த்தாள். நான் பேசி அவர் கேட்டதை வராந்தாவிலிருந்து கண்ணால் பார்த்தாள். இப்போது அந்த இடத்தில் நின்று நான் எதைச் சொல்வது, இவர்களை வெளியே விடக் கூடாது, சாட்சிகளைக் கலைப்பார்கள், தலைமறைவாகிவிடுவார்கள், அப்புறம் கடைசியாக, இவர்கள் உயிருக்கே ஆபத்து. எதிர் வக்கீல் எழுந்து நான் சொன்ன வாக்கியத்தையே எனக்குத் திருப்பிச் சொல்வார், சொல்ல வேண்டும், அவர் நல்ல வக்கீலாக இருந்தால் சொல்லத்தான் வேண்டும். உள்ளே இருக்கிறவர்களில் ஒரு பையனின் அம்மாவையும் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. கோர்ட் வாசலில் குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள், பின்பக்கம் பார்த்துப் பேச்சித்தாய் என்றே நினைத்தேன், அதே ஒடிந்த உடம்பு, அதே மாதிரி சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டும்விட்டேன். திரும்பினாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியும். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என்னையே பார்த்தாள். அவள் மகன் வெளியே வந்தால் அவனையும் தினமும் காலையில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அவனும் ஒரே வழியில் போவான். வரக் கூடாது, உள்ளேயே இருக்கட்டும், அவனுக்காகவே சொல்கிறேன், அவன் அம்மாவுக்காகவே சொல்கிறேன், கடவுளே, நானும் அந்தக் கவர்மென்ட் வக்கீல் மாதிரியே பேச ஆரம்பித்துவிட்டேன்.

எம்.பி.ஏ. பெண் வெளியே வந்தாள், சிரித்தாள், ஆல் த பெஸ்ட் மேடம் என்றாள், நல்ல பெண், பொய் சொல்லியிருக்க வேண்டாம் அவளிடம். உள்ளே தர்மராஜ் என்று பெயர்ப்பலகை வைத்த மேஜைக்குப் பின்னால் முதலாளியே உட்கார்ந்திருந்தார், அரைக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு, புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது, ஆலைக்குள் போய்விட்டு அப்படியே வந்திருக்க வேண்டும், அதைச் சொல்லலாமா கூடாதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்டுவிட்டார். நல்லாப் போய்க்கிட்டிருந்த தொழில ஏம்மா விடுதீங்க. மகள் பிளஸ் டூ வருகிறாள் என்றேன். குடும்பத்துக்கு நேரம் என்றேன். மூன்றாவது வரியைத் தாண்டிவிட்டேன், நாலாவதையும் சொல்லிவிட்டேன், பூதலிங்கம் இருந்திருந்தால் பாஸ் போட்டிருப்பார். அவரும் தலையாட்டினார். ஆட்களைப் பற்றிச் சொன்னார், பெண்கள்தான் அதிகம், லீவு சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள், இரண்டு ஷிப்டுக்கும் சண்டை, பேசிச் சரிசெய்ய ஒரு ஆள் வேண்டும். செய்வேன் என்றேன். அப்புறம் அவர் முகம் மலர்ந்து, இன்னொன்று, நீங்கள் வக்கீலாக இருக்கிறது எங்களுக்கும் ரொம்பச் சௌகரியம், மெஷினில் விரல் போன ஒருத்தன் லேபர் கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறான், அங்கே இங்கே அலைகிறோம், அதையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாமே என்றார். அந்த அறைக்குள்ளும் வாசனை வந்துகொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்தால் நான் கோர்ட்டில் நிற்க முடியாது சார், பார் கவுன்சிலில் பதிவை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் விதி என்றேன். நிக்க வேண்டாம்மா, நம்ம வக்கீலோட கூடப் போய் என்ன பேசணும்னு சொல்லிக் குடுத்தாப் போதும் என்றார். விரல் போனவன் எப்படி இருப்பான், கையை எங்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவன் அம்மா எந்த மரத்தடியில் நிற்பாள்.

“நான் கோர்ட் வாசலுக்கே வர மாட்டேன் சார்” என்றேன். குரல் பெரிதாக வந்துவிட்டது, இத்தனை நாள் வராத குரல். “மத்த எதுவா இருந்தாலும் செய்யறேன். பாத்திரம் கழுவச் சொன்னாலும் கழுவறேன்.”

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். “என்னம்மா நடந்துச்சு” என்றார். வக்கீல் கேட்கிற மாதிரி இல்லாமல் கேட்டார்.

சொல்லிவிட்டேன். நான் ஜாமீன் வாங்கிக் கொடுத்த பையனை வெட்டிவிட்டார்கள் என்று ஒரே வாக்கியமாகத்தான் சொன்னேன். உங்கள் மேல் ஏதாவது தப்பா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் ஏன் என்று கேட்பார், கேட்டால் என்ன சொல்வது என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன், அவர் கேட்கவில்லை, மேஜை மணியை அழுத்தித் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். நான் குடித்து முடிக்கிறவரைக்கும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கோர்ட் வேலைய நான் வேற ஆளை வச்சுப் பாத்துக்கிடுதேன், திங்கட்கிழமை வந்துருங்க என்றார். வேலை கிடைத்துவிட்டது. நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. வெளியே வந்து கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன், வாசனை கூடவே வந்தது, சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், பாரம் இறங்கும் என்று நினைத்தேன், பரீட்சை முடிந்து வெளியே வருகிற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை. அதே திங்கட்கிழமை. நான் அட்டெண்டன்ஸ் புக்கைத் திறந்துவைத்துக்கொண்டு எந்த ஷிப்டில் யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அங்கே கேஸைக் கூப்பிடுவார்கள். பூதலிங்கத்துக்கு முதலில் சொல்ல வேண்டும், காத்துக்கொண்டிருப்பார். போனை எடுத்தேன். பேச்சித்தாயைத்தான் கூப்பிட்டேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்தது.

நான் தொழிலை விடுகிறேன் அம்மா, வேறு வேலைக்குப் போகிறேன், திங்கட்கிழமை வர முடியாது என்றேன். எனக்குப் பழக்கமான ஒரு வக்கீல் இருக்கிறார், நான் சொல்லி வைக்கிறேன், காலையில் நேரே அவரிடம் போங்கள், நல்லபடியாகப் பேசுவார் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அவனுவ பக்கத்துலருந்து யாரும் வந்து பேசினாவளாம்மா?” என்றாள் கடைசியில். “பயங்காட்டினானுவளா?”

“இல்லம்மா. யாரும் வரல.”

“நீங்க அவனுவ பக்கம் நிக்கப் போறீயளோ?”

“ஐயோ, இல்லம்மா. நான் இனிமே யாரு பக்கமும் நிக்கல. யாருக்கும் பேசல.”

அவள் அதை யோசித்தாள். கோபமில்லை, நான் சொன்னதை அவளால் புரிந்துகொள்ள முடியவில்லை, அவ்வளவுதான், வேற்றுப் பாஷையில் நான் ஏதோ சொன்ன மாதிரி.

“யாரு பக்கமும் இல்லாம எப்படிம்மா இருக்கது?” என்றாள்.

உண்மையிலேயே கேட்டாள், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், படித்தவள் நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். பஸ் ஒன்று வந்து நின்று என்னைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. வாயைத் திறந்தேன். அம்மா என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் வரவில்லை. சரிம்மா, வைக்கேன் என்றாள். ஆனால் வைக்கவில்லை, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டுமென்று அவளுக்குத் தெரியாது, எப்போதும் நான்தான் துண்டிப்பேன், அல்லது கொம்பையா வாங்கித் துண்டிப்பான். போனை எங்கேயோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. கோழி ஒன்று கொக்கரித்தது. குடத்தை நகர்த்துகிற சத்தம். யாரோ ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கும், யாருக்கா போன்ல என்றாள்.

“நம்ம வக்கீலம்மா” என்றாள் பேச்சித்தாய்.

“என்னவாம்?”

“ஒண்ணுமில்ல. வேற வேலைக்குப் போறாவளாம்.”

யாரோ விளக்குமாறு எடுத்து முற்றம் பெருக்க ஆரம்பித்தார்கள், சரக் சரக்கென்று கிட்டே வந்தது, தூரப் போனது, மறுபடி கிட்டே வந்தது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் என்னைப் பார்க்கிறார்கள், ஒன்றும் பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஒருத்தி நிற்பாள் என்று பார்க்கிறார்கள். துண்டிக்க வேண்டும். பெருவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலேயே நிற்கிறது, ஒரு அழுத்து, அவ்வளவுதான், பெருக்கி முடிக்கட்டும், முடித்த பிறகு துண்டித்துவிடுகிறேன்.